கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறவுங்கள்

பகுதிநேர வேலையில் சேர்த்த காசோடு "பழைய கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?" என்று கேட்கிற நண்பர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் உங்கள் கணினியைத் திறந்து பாருங்கள்.

பவர் சப்ளையில் இருந்து கார்டுக்கென்று தனி வயர் வருகிறதா? இல்லையென்றால் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் சரிவரும். 70 வாட்டில் ஓடும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 அப்படிப்பட்டது. 8 பின் வயர் இருந்தால் ஆர்எக்ஸ் 6600 பாருங்கள். 132 வாட் எடுக்கும், 8 ஜிபி நினைவகம் உண்டு, வேகமும் அதிகம்.

விலையை மட்டும் பார்த்து ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிவிடாதீர்கள். அது 4 லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 3.0 உள்ள பழைய மதர்போர்டில் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் திக்கத் தொடங்கும். இன்டெல் ஆர்க் கார்டுகளும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத மதர்போர்டில் முழு வேகம் காட்டாது.

ஆகவே, புதுப் பெட்டியில் வரும் மலிவான கார்டைவிட, கண்முன்னே ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கும் பாவித்த ஆர்எக்ஸ் 6600 மேல் என்பேன். ஆனால் கேம் ஓடும்போது சிபியுதான் 100 சதவீதத்தில் திணறுகிறது என்றால், புதுக் கார்டு பெரிதாக உதவாது. அந்தக் காசை அடுத்த கணினிக்குச் சேர்த்து வையுங்கள்.

உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?