பித்தப்பை ஆபரேஷன்: பாதியில் ‘ஓபன்’ ஆனால் தோல்வியா?

‘சின்ன ஆபரேஷன்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்.’ பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி என்றதும் காதில் விழும் வார்த்தை இது. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால், எல்லோருக்கும் பித்தப்பை பாடப்புத்தகப் படத்தில் உள்ளதுபோல இருப்பதில்லை.

என்ன வித்தியாசம்?

வழக்கமாக அது கல்லீரலின் அடியில், வலது பக்கம் ஒட்டியிருக்கும். சிலருக்குக் கல்லீரலுக்குள்ளேயே புதைந்திருக்கும். அரிதாகச் சிலருக்கு இடம் மாறி இடது பக்கம் இருக்கும். சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இரண்டு பித்தப்பைகள்கூட உண்டு. இவற்றைவிட அதிகம் பார்ப்பது குழாய்க் குளறுபடி. பித்தப்பையை முதன்மைப் பித்தக்குழாயோடு இணைக்கும் சின்னக் குழாய் சிலருக்கு ரொம்பக் குட்டை. சிலருக்கு முதன்மைக் குழாயை ஒட்டியே கீழே இறங்கும். சிலருக்கு வலது கல்லீரல் குழாயில் போய்ச் சேரும்.

ஆபத்து எங்கே?

வெட்ட வேண்டியது சின்னக் குழாயை. தவறுதலாக முதன்மைக் குழாயை வெட்டிவிட்டால், பித்தநீர் குடலுக்குப் போக வழியில்லை. கசிவு, மஞ்சள்காமாலை, கிருமித்தொற்று எனச் சிக்கல் நீளும். குடலைக் கல்லீரல் குழாயோடு இணைத்துத் தைக்கும் பெரிய ஆபரேஷனும் தேவைப்படலாம். இத்தகைய காயம் 1,000 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு நேர்கிறது. 2003ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 252 காயங்களை அலசியது. அவற்றில் 97 சதவீதத்துக்குக் காரணம் கைத்திறன் குறைவு அல்ல, கண் ஏமாந்ததுதான். ஒரு குழாயை இன்னொன்று என்று நம்பியே வெட்டியிருக்கிறார்கள்.

எப்படித் தவிர்ப்பது?

1995ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்கும் சக மருத்துவர்களும் முன்வைத்த விதி எளிமையானது. கொழுப்பையும் திசுக்களையும் விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரிக்கணும். பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் பார்த்த பிறகே வெட்டணும்: ஒன்று பித்தக்குழாய், இன்னொன்று ரத்தக்குழாய்.

அது தெரியவில்லையா? அங்கேயே நிறுத்தணும். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம். அனுபவமுள்ள இன்னொரு மருத்துவரை அழைக்கலாம். பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் அகற்றலாம். வயிற்றைத் திறந்தும் செய்யலாம்.

‘நாலு ஓட்டைன்னு சொல்லிட்டு இவ்ளோ பெரிய தையலா?’ என்று குடும்பத்தினர் கோபப்படுவது புரிகிறது. அதற்குக் காரணம், இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான். எல்லா வித்தியாசங்களும் ஸ்கேனில் தெரிந்துவிடாது என்பதையும், ஓபன் ஆக வாய்ப்புண்டு என்பதையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே மருத்துவமனைகள் விளக்க வேண்டும். நோயாளிகளும் ‘எத்தனை ஓட்டை?’ என்பதோடு ‘உள்ளே தெளிவா தெரியலைன்னா என்ன செய்வீங்க டாக்டர்?’ என்று கேட்க வேண்டும். பெரிய தழும்பு காலப்போக்கில் மங்கிவிடும். வெட்டுப்பட்ட பித்தக்குழாயின் தொல்லை ஆண்டுக்கணக்கில் தொடரலாம்.