யாரும் உரிமை கோராத பேச்சு

'ரேஷன் கடைக்குப் போயி ஒஸ்தானு' என்று சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பும் பாட்டிகள் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஒலிப்பு சற்று மாறும். கடை தமிழ்; 'கு' இரு மொழிக்கும் பொது; 'போயி' தமிழ்க் காதுக்கும் அந்நியமல்ல; முடித்துவைக்கும் 'ஒஸ்தானு' மட்டுமே முழுத் தெலுங்கு. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே குடியேறியவர்களின் வழிவந்தோர், பல நூற்றாண்டுகள் தமிழோடு புழங்கி உருவாக்கிய வீட்டுப் பேச்சு இது. பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. காடுகரையை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கும் வெளியூர் வேலைக்கும் போன தலைமுறையின் பிள்ளைகள், பாட்டி சொல்வதைப் புரிந்துகொண்டு தமிழில் பதில் சொல்கிறார்கள். அடுத்த தலைமுறைக்குப் புரியவும் செய்யாது. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறப்போவதில்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மெட்னி தீவின் கதை இங்கே நினைக்கத் தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய நிறுவனமொன்று விலங்குத் தோல் வணிகத்துக்காக அலூட் மக்களை அங்கே குடியேற்றியது. அங்கே பிறந்த கலப்பு மொழியில் வினையடி அலூட். காலத்தையும் பேசுபவரையும் காட்டும் விகுதி ரஷ்யம். கடைசியாகப் பேசியவர் 2022-இல் மறைந்தார். ஆனாலும் அந்த மொழி எப்படி இயங்கியது என்று இன்று சொல்ல முடிகிறது. மொழியியலாளர்கள் உரிய காலத்தில் போய்ப் பதிவுசெய்ததே காரணம். கரிசல் தெலுங்கு அந்த அளவுக்குக் கலந்ததல்ல. அதன் வினைவிகுதி தெலுங்காகவே நிற்கிறது. எனவே தனி மொழி என்று வாதிட வேண்டியதில்லை. வட்டார வழக்கு என்றே வைத்துக்கொள்வோம். பதிவு செய்யாமல் விட அது ஒரு காரணமாகாது.

எட்டுக் கோடிப் பேர் பேசும் தெலுங்குக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 42 லட்சம் பேர் தாய்மொழி தெலுங்கு என்றார்கள். பிரச்சினையே அந்த எண்ணிக்கைதான். விஜயவாடாவின் பேச்சும் கரிசல் வீட்டின் பேச்சும் அட்டவணையில் ஒரே வரி. ஒன்று வற்றினாலும் வரி குறையாது. பாடநூல் தெலுங்கைக் கற்றுக் கரிசல் பேச்சை மீட்கவும் முடியாது. மானாவாரி வெள்ளாமையையும் மாட்டையும் உறவையும் சுற்றி வளர்ந்த வழக்கு அது.

இந்தப் பேச்சைப் பதிவுசெய்வது தமிழுக்கு எதிராகப் போகும், சாதிப் பெருமிதத்துக்குத் தீனி போடும் என்ற அச்சமும் உண்டு. முதல் அச்சத்துக்கு இடைசெவல் கிராமத்து எழுத்தாளர் ஒருவரே பதில். வீட்டில் தெலுங்கு பேசிய கி.ராஜநாராயணன்தான் கரிசல் தமிழுக்கு வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். தமிழ் வாசகர்கள் அவரை அழைத்த 'நைனா' என்பதே தெலுங்குச் சொல். ஒன்று வாழ இன்னொன்று சாக வேண்டியதில்லை. இரண்டாவது அச்சம் நியாயமானது. நிலம் வைத்திருந்த சாதிகளின் பேச்சை மட்டும் சேகரித்தால் அதுதான் நடக்கும். ஆனால், கூலி வேலையிலும் துப்புரவுப் பணியிலும் தள்ளப்பட்ட பல அருந்ததியர் குடும்பங்களின் வீட்டு மொழியும் தெலுங்குதான். இதுவரை குறைவாக எழுதப்பட்ட அவர்கள் பேச்சிலிருந்தே பதிவு தொடங்க வேண்டும்.

பள்ளியில் இந்தப் பேச்சைப் பாடமாக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் பிழைப்புக்கும் தமிழ் வேண்டும். வேண்டியது ஒலிப்பதிவும் சொற்தொகுப்பும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அருகிலேயே உள்ளன. அந்தந்த ஊர் மாணவர்கள் கைபேசியோடு தங்கள் தெருப் பெரியவர்கள் முன் உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும். தாலாட்டு, ஒப்பாரி, மாட்டை அதட்டும் சொல், மழைக்குறி என எதையும் 'சுத்தம்' பார்த்துத் திருத்தாமல், கலந்தது கலந்தபடியே எழுத வேண்டும். இரண்டு மொழி பேசியவர்கள் ஒரே மண்ணில் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கலப்பே சாட்சி.