மிட்டாயில் வருமா வலிமை?

உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் நீரில் கலந்து அருந்தி வந்த கிரியேட்டின், இன்று பழச்சுவையும் வண்ணமும் ஏற்றிய ‘கம்மி’ மிட்டாயாகப் பெண்களை நாடி வருகிறது. “இதைச் சாப்பிடலாமா?” என்று எங்களிடம் கேட்போரும் உள்ளனர். கிரியேட்டினை நாங்கள் குறை கூறவில்லை. அது மிட்டாய் வடிவில் வருவதையே ஐயத்துடன் நோக்குகிறோம்.

கிரியேட்டின் ஊக்கமருந்து அன்று, ஹார்மோனும் அன்று. கல்லீரலும் சிறுநீரகங்களும் அதை நாள்தோறும் உருவாக்குகின்றன. இறைச்சியிலும் மீனிலும் அது உள்ளது. உடலிலுள்ள கிரியேட்டினில் ஏறத்தாழ 95 விழுக்காடு தசைகளில் தங்கி, விரைவான உழைப்புக்கு ஆற்றல் தருகிறது. எடைப்பயிற்சியுடன் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை கிரியேட்டின் மோனோஹைட்ரேட் உட்கொண்டால் வலிமை ஓரளவு கூடும் என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. மாதவிடாய் நின்றபின் தசையும் எலும்பும் விரைந்து தேயும் பெண்களுக்கு வலிமை அழகுக்கானது மட்டுமன்று. விழாமல் நடமாடுவதற்கும் அதுவே துணை.

ஆனால், மிட்டாயைப் பாருங்கள். ஒன்றில் 1 கிராம் கிரியேட்டினும் 2 கிராம் சர்க்கரையும் இருப்பதாகக் கொள்வோம். 5 கிராம் கிரியேட்டின் பெற ஐந்து மிட்டாய்களை உண்ண வேண்டும். அவற்றுடன் 10 கிராம் சர்க்கரையும் உடலில் சேரும். நீரிழிவு உள்ளவர்கள் இதை எளிதாகக் கொள்ளலாகாது. மேலும், ஈரமும் புளிப்பும் வெப்பமும் சேர்ந்த சூழலில் கிரியேட்டின் சிறிது சிறிதாகச் சிதைந்து, தசைக்குப் பயன்படாத கிரியேட்டினினாக மாறுகிறது. மிட்டாய் செய்யும் முறையில் இம்மூன்றுமே உண்டு. ஆகவே, உறையில் அச்சிட்ட அளவு உள்ளே இருக்குமா என்ற ஐயம் நியாயமானதே. சுவையற்ற வெள்ளைத் தூளுக்கு இச்சிக்கல்கள் குறைவு. பெரும்பாலான ஆய்வுகளும் அத்தூளைக் கொண்டே நடந்தன.

இதனினும் முக்கியமானது இரத்தப் பரிசோதனை. சிறுநீரகத்தின் நிலையை அறிய நாங்கள் அளப்பது கிரியேட்டினினையே. கிரியேட்டின் உட்கொள்வோருக்கு அந்த அளவு, சிறுநீரகம் நலமாக இருக்கும்போதும் சற்று உயரக்கூடும். அதை அறியாத மருத்துவர் இல்லாத நோயை ஐயுறலாம். மாறாக, “மிட்டாயால்தான் ஏறியது” என்று நோயாளியே முடிவுசெய்து, உண்மையான சிறுநீரகப் பாதிப்பைக் கவனியாமல் விடவும் கூடும். தொடக்க நிலைச் சிறுநீரக நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. ஐயம் எழுந்தால் சிஸ்டாட்டின் சி என்னும் வேறொரு பரிசோதனை துணைசெய்யும். ஆனால், மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால்தான் அந்த வழி திறக்கும். “மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்கும்போது, மிட்டாய்தானே என்று மறைக்காதீர்கள்.

சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவரின் ஒப்புதலின்றி இதைத் தொடவே வேண்டாம். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்ப்பதே நன்று. முதல் சில வாரங்களில் தசைகளில் நீர் சேர்ந்து எடை ஓரிரு கிலோ கூடலாம். அது கொழுப்பு அன்று.

வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அவர்கள் தட்டில் பருப்பும் முட்டையும் தயிரும் போதிய அளவு சேரட்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்குப் பயிற்சி கிடைக்கட்டும். நாற்காலியில் கையூன்றாமல் அமர்ந்து எழுவதிலிருந்தே அதைத் தொடங்கலாம். அந்நேரத்தில் அடுப்பைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்ளட்டும்.