புது கேமிங் லேப்டாப் கொதிக்குதா? சோமனூர் சித்தப்பா செய்த ‘பஞ்சு டெஸ்ட்’!

சனிக்கிழமை இரவு பத்தரை மணி. தம்பியிடமிருந்து போன். சொந்தத் தம்பி இல்லை, சோமனூர் சித்தப்பா பையன். கோவையில் அனிமேஷன் படிக்கிறான், இரண்டாம் ஆண்டு.

“அக்கா, தூங்கிட்டீங்ளா? லேப்டாப் கொதிக்குதுங்க்கா. 98 டிகிரி காட்டுது. மேல கை வெக்க முடியல.”

புதன்கிழமைதான் வாங்கிய லேப்டாப். ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்று சித்திதான் நாள் பார்த்தார். விலை 86,000 ரூபாய், சித்தி இரண்டு வருஷம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். திருப்பிக் கொடுக்க ஏழு நாள் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அது செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. கடைக்கு போன் பண்ணிக் கேட்டதற்கு, “கேமிங் லேப்டாப்னா அப்படித்தான் தம்பி இருக்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம்.

பின்னாலிருந்து சித்தப்பா குரல் கேட்டது. “ராத்திரி பூரா கேம் ஆடுனா எந்த மிஷினுந்தான் தாங்கும்? கேளு உங்கக்காகிட்ட!”

தம்பியின் பிரச்னை இப்போது புரிந்தது. லேப்டாப் சூடாவதை விட, ‘இவன்தான் கெடுத்துட்டான்’ என்ற பேச்சுதான் அவனைச் சுட்டுக்கொண்டிருந்தது. ‘பிளெண்டர்’ மென்பொருளில் வீட்டுப்பாடம் ரெண்டர் செய்யும்போதும்தான் சூடாகிறது என்று சொன்னால் சித்தப்பா நம்பத் தயாராக இல்லை. ரெண்டர் என்றால் என்னவென்று அவருக்கு யார் சொல்வது?

ஞாயிறு காலை காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். மே மாத வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் வரவில்லை. கருமத்தம்பட்டி தாண்டும்போதே முதுகு நனைந்துவிட்டது.

தம்பியின் அறையைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்ததாக நினைத்தேன். சிமென்ட் ஷீட் கூரை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. ஜன்னல் கம்பியில் பஞ்சுப் பிசிறு வெள்ளை மீசை மாதிரி தொங்குகிறது. லேப்டாப்போ கட்டிலில், இலவம்பஞ்சு மெத்தை மேல்!

பெரும்பாலான கேமிங் லேப்டாப்கள் காற்றை அடிப்பக்கத்திலிருந்து இழுத்து, பின்னாலும் பக்கவாட்டிலும் வெளியே தள்ளும். மெத்தையில் வைத்தால் அந்த மூக்கைப் பொத்திய மாதிரி. போதாக்குறைக்கு, அறை எவ்வளவு சூடோ அங்கிருந்துதான் உள்ளே கணக்கு ஆரம்பிக்கும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது, அறையில் ஒரு டிகிரி ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஏ.சி. அறையில் உட்கார்ந்து யூடியூபில் ஒருவர் ‘82 டிகிரிதான் வருது’ என்றால், ஷீட் போட்ட அறையில் அது 90-ஐத் தாண்டுவதில் ஆச்சர்யமில்லை.

98 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காக ஒரு விஷயம். இப்போதைய லேப்டாப் சிப்கள் இந்தச் சூட்டைத் தாங்கும்படிதான் வருகின்றன. இன்டெல் லேப்டாப் சிப்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏ.எம்.டி-யில் 95 அல்லது 100. வரம்பைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘தெர்மல் த்ராட்லிங்’ என்பார்கள். அதையும் மீறினால் லேப்டாப் தானே அணைந்துவிடும். ஆகவே 98-ல் எரிந்துபோய்விடாது. ஆனால் 86,000 கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. கேம் திக்கித் திக்கி ஓடும், பத்து நிமிட ரெண்டர் இருபது நிமிடம் ஆகும்.

இதைச் சித்தப்பாவுக்கு விளக்குவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அவர் மோட்டார் காயில் கட்டுபவர். கோவை வட்டாரத்தில் கிணறு இருக்கும் வரை அந்தத் தொழிலுக்கு ஓய்வில்லை. “எஃப் கிளாஸ் இன்சுலேஷன் 155 டிகிரி வரைக்கும் தாங்குமுங்க. அந்த மாதிரி இதுக்கும் ஒரு கிளாஸ்” என்றேன். தலையாட்டினார். சார்ஜரைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்னால் இருந்த எழுத்தைப் படித்தார்.

“230 வாட்டா? அட, கால் ஹெச்.பி-க்கு மேல வருதே!”

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். கணக்கு சரி. கால் குதிரை மோட்டாருக்கு மேல் மின்சாரம் தின்று, கிட்டத்தட்ட அத்தனையையும் சூடாகவே வெளியே விடும் ஒரு பொருள், உள்ளே இருப்பதோ விரல் தடிமன் ஃபேன்கள். அதுவரை லேப்டாப்பை ஒரு விளையாட்டுச் சாமானாகப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சோதனையை ஆரம்பித்தோம். ‘ஹெச்டபிள்யூஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டோம். சிப் சூடு, வேகம் எல்லாம் அதில் தெரியும். முதலில், எதுவும் செய்யாமல் சும்மா விட்டுப் பார்த்தோம். புது லேப்டாப் முதல் சில நாள் சும்மா இருந்தாலும் சூடாகும், கவலை வேண்டாம். விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், ஃபைல்களை அட்டவணை போடுவது என்று பின்னால் வேலை ஓடிக்கொண்டிருக்கும். அதெல்லாம் முடிந்தபின் பார்ப்பதுதான் நியாயம்.

மெத்தை மேல் கேம் ஓட்டினோம். ஆறே நிமிடத்தில் 98. வேகம் சரிந்தது. மர மேஜைக்கு மாற்றி, பின்பக்கம் இரண்டு நோட்டு அண்டக்கொடுத்தோம். 94. கேம் செட்டிங்கில் விநாடிக்கு 60 ஃப்ரேம் போதும் என்று கட்டுப்படுத்தினோம். 90.

கொஞ்சம் ஏமாற்றம்தான். மேஜைக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தேன். இருந்தாலும், “கோடை காலம், ஷீட் வீடு, கேமிங் லேப்டாப்... இப்படித்தாண்டா இருக்கும்” என்று தம்பியிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கடைக்காரர் சொன்ன அதே வரி!

“சித்த இரு அம்மிணி” என்றார் சித்தப்பா. குனிந்து காதை லேப்டாப் பக்கம் வைத்தார். “இதுல எத்தன ஃபேனுடா?”

“ரெண்டுப்பா. பெட்டியிலயே போட்டிருக்கு.”

“ஒண்ணோட சத்தந்தான் கேக்குது.”

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. கம்பெனி ஆப்பிலும் ஃபேன் வேகம் என்று ஒரே ஒரு எண்தான் இருந்தது. சித்தப்பா எழுந்து போய் ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு துளி பஞ்சைப் பிய்த்து வந்தார். இரண்டு விரலால் பிடித்து இடது பக்க வென்ட் முன்னால் நீட்டினார். பஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வலது பக்கம் நீட்டினார். அசையவே இல்லை. தொங்கிக்கொண்டிருந்தது.

அறையில் பக்கத்துத் தறிச் சத்தம் மட்டும்தான்.

தம்பி அப்பாவைப் பார்த்தான். சித்தப்பா அவனைப் பார்க்கவில்லை. “வீடியோ எடுடா” என்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சும்மா இருக்கும்போது ஃபேன் நிற்பது குறையில்லை, சில மாடல்களில் வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள். கேமோ ரெண்டரோ பத்து நிமிடம் ஓடி, சூடு 80-ஐத் தாண்டிய பிறகும் ஒரு பக்கம் காற்றே வரவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் மாடலில் எத்தனை ஃபேன், எந்தெந்தப் பக்கம் வென்ட் என்று முதலில் பாருங்கள். பஞ்சுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர் துண்டும் போதும். ஆனால் உள்ளே விட்டுவிடாதீர்கள்.

ஃபேன் நன்றாக ஓடியும் சூடு குறையாத லேப்டாப்களும் உண்டு. 2018 ஜூலையில் ஆப்பிளின் புது மேக்புக் ப்ரோவுக்கு இதுதான் நடந்தது. டேவ் லீ என்ற யூடியூபர், அதன் விலை உயர்ந்த ஐ9 மாடல் சூட்டில் வேகம் இழப்பதைக் காட்டினார். அதே வீடியோ வேலையை லேப்டாப்பை ஃப்ரீஸருக்குள் வைத்துச் செய்தபோது 39 நிமிடம் 27 ஆகக் குறைந்தது! சில நாள்களிலேயே, உள் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் கீ விடுபட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டு ஆப்பிள் அப்டேட் வெளியிட்டது. அதனால் புது லேப்டாப் சூடானால், கம்பெனி தளத்தில் பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. தயவுசெய்து ஃப்ரீஸரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், வாரன்டியும் போய்விடும்.

சித்தப்பா கடையில் ப்ளோயர் இருக்கிறது. “ஒரு அடி அடிச்சுப் பார்த்தறலாமா?” என்றார். வேண்டாம் என்று கையைப் பிடிக்காத குறை. அந்த வேகக் காற்றில் சின்ன ஃபேன் கட்டுமீறிச் சுற்றி பேரிங் போய்விடலாம். நாமே பின்மூடியைக் கழற்றினால், ‘நீங்கள் திறந்ததால்தான் கெட்டது’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்த மாதிரியும் ஆகிவிடும். வாரன்டி முடிந்த பழைய லேப்டாப் என்றால் வேறு கதை. அப்போதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுங்கள். தறிப் பக்கம், நூற்பாலைப் பக்கம், பனியன் கம்பெனிப் பக்கம் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வென்ட்டைப் பார்ப்பது அவசியம்.

அன்று மாலையே கடைக்கும் கம்பெனிக்கும் இமெயில் அனுப்பினோம். பில் நகல், சீரியல் நம்பர், பஞ்சு வீடியோ, சூடு காட்டும் ஸ்கிரீன்ஷாட். போனில் சொன்னது காற்றோடு போய்விடும், எழுத்தில் தேதி நிற்கும். திங்கட்கிழமை நேரில் போனபோது, எதிர்பார்த்தபடியே, “சர்வீஸ் சென்டர்ல காட்டி ரிப்பேர் பண்ணிக்கோங்க” என்றார்கள். வாங்கி ஐந்தே நாளில் ரிப்பேரா? தம்பி விடவில்லை. ‘டி.ஓ.ஏ.’ என்ற சான்றிதழைப் பற்றி அவனே தேடிப் படித்திருந்தான். வாங்கும்போதே பழுது இருந்தது என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தருவது. அது இருந்தால் பொதுவாகப் புதுப் பொருளே மாற்றித் தருவார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழு நாள், பத்து நாள் என்பதெல்லாம் கடைக்காரர் போட்ட கணக்கு. குறையுள்ள பொருளை விற்றால் கேள்வி கேட்கும் உரிமை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி உங்களுக்கு அதற்குப் பிறகும் உண்டு. பிரச்னை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எங்களுக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை. புதன்கிழமை சர்வீஸ் சென்டரில் வலது ஃபேன் பழுது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் பன்னிரண்டு நாள், எட்டு போன், இரண்டு முறை கோவைக்கு அலைச்சல். வேறு லேப்டாப் வந்தது.

புதியதில் அதே கேம், அதே மேஜை. 84. ஃப்ரேமை 60-க்குக் கட்டியதும் 76. ரெண்டர் போடும் நாள்களில், அவசரம் இல்லை என்றால், விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசஸர் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவிகிதமாக வைக்கச் சொன்னேன். ஒரு சதவிகிதம்தானே என்று தோன்றும். பல லேப்டாப்களில் அதைச் செய்தால் ‘டர்போ’ வேகம் நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். சார்ஜ் 80 சதவிகிதத்தோடு நிற்கும்படியும் வைத்தாயிற்று. சிப்பை விடச் சூட்டுக்கு அழுவது பேட்டரிதான், அதுவும் எப்போதும் முழு சார்ஜில் இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். டச்பேட் மேலே எழும்பி வந்தாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ பேட்டரி வீங்குகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குத் தூக்குங்கள்.

சித்திக்கு ஒரே ஒரு கேள்விதான். “மடியில வெச்சுட்டே இருக்கானே, ஒண்ணும் ஆகாதா?” ஆகும் சித்தி. தினமும் சில மணி நேரம் மடியில் வைத்து கேம் ஆடிய 12 வயதுப் பையனுக்குத் தொடைத் தோலில் கறை படிந்ததைப் பற்றி சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-ல் மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். பெயர்தான் லேப்டாப், மடிக்கு வேண்டாம்.

போன வாரம் சோமனூர் போயிருந்தேன். தம்பி மேஜையில் லேப்டாப்புக்கு அடியில் ஒரு ஸ்டாண்டு. இரும்புப் பட்டையை வளைத்து, வெல்டிங் வைத்து, மோட்டாருக்கு அடிக்கும் அதே பச்சை பெயின்ட் அடித்தது. அடியில் பழைய டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்றைப் பொருத்தலாமா என்று சித்தப்பா யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

“வேண்டாம்னு நீங்களாச்சும் சொல்லுங்க்கா” என்றான் தம்பி. “இப்பவே ஸ்டாண்டு மூணு கிலோ. லேப்டாப்பே ரெண்டரைக் கிலோதான்.”