குப்பி விளக்குக் காலத்து அனுபவம் போதாது

"மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் நாங்கள்; எமக்கு இதுவெல்லாம் புதிதா?" என்று கனடாவில் வாழும் எம்மவர் பலர் கூறக் கேட்கிறோம். உண்மைதான். 1990 இல் யாழ். குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னர், ஜாம் போத்தல் விளக்கொளியிலேயே ஒரு தலைமுறை படித்துத் தேறியது. ஆனால் அந்த அனுபவம் தரும் துணிவே இங்கு எமக்கு ஆபத்தாகிவிடக்கூடாது.

2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழையின்போது, பனிக்கட்டிப் பாரம் தாங்காத மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் வீழ்ந்தன. மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் செயலிழந்தன. நத்தார் நாளையும் இருளில் கழித்த குடும்பங்கள் பல.

ஊரில் விளக்கு அணைந்தாலும் கிணறும் விறகடுப்பும் எஞ்சியிருந்தன. இங்கோ மின்சாரத்தோடு வீட்டின் வெப்பமும் போய்விடுகிறது. தொடர்மாடிகளில் மின்தூக்கி நிற்கிறது. நீரேற்றும் இயந்திரம் நின்றால் மேல்மாடிக் குழாய்களும் வற்றிவிடுகின்றன. இணையவழித் தொலைபேசியும் இயங்காது.

குளிருக்கு அஞ்சி வீட்டினுள் கரியடுப்பு மூட்டுவது அனைத்திலும் கொடிய தவறு. எமது ஊர் வீடுகளில் காற்றுத் தாராளமாக உலவியது. இறுக அடைக்கப்பட்ட இவ்வீடுகளிலோ காபன் மொனொக்சைட் தேங்கிவிடும். நிறமும் மணமுமற்ற அந்த நச்சுவாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். கரியடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ வீட்டினுள்ளும் வாகனக் கொட்டகையினுள்ளும் ஒருபோதும் இயக்கலாகாது.

குறைந்தது 72 மணிநேரம் தன் கையிருப்பைக் கொண்டே சமாளிக்க ஒவ்வொரு வீடும் ஆயத்தமாக இருக்கவேண்டும் எனக் கனேடிய அரசு அறிவுறுத்துகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் குடிநீர், சமைக்காது உண்ணத்தக்க உணவு, மின்கலத்தில் இயங்கும் விளக்கும் வானொலியும், அன்றாட மருந்துகள், கம்பளிகள், சிறிதளவு காசு ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வைக்க ஒரு மாலைப்பொழுது போதும். மின்கலத்தில் இயங்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் வீட்டில் இருக்கவேண்டும்.

எனினும், பதினைந்தாம் மாடியில் தனித்து வாழும், ஆங்கிலம் அறியாத ஒரு தாயை அந்தப் பை மட்டும் காக்காது. எமது ஊர்ச்சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஆலயங்களிடமும் முகவரிப் பட்டியல்கள் உள்ளன. விழா அழைப்பிதழ் அனுப்ப உதவும் அப்பட்டியல்களில் தனித்து வாழும் முதியோரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அருகில் வாழும் ஓர் இளையவரைப் பொறுப்பாக்குவோம். குப்பி விளக்குக் காலத்தில் எம்மைக் காத்தது விளக்கு மட்டுமல்ல, வேலிக்கு அப்பாலிருந்து "என்ன பாடு?" என்று கேட்ட அயலவரின் குரலும்தான். அக்குரல் இங்கும் ஒலிக்கவேண்டும்.