சிலந்தி மனிதன்: இரண்டாம் பாகம்

முதற் படம் ஈட்டிய புகழையே மூலதனமாகக் கொண்டு இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கம் சினிமா உலகில் மலிந்து விட்டது. அவ்வாறு வருவனவற்றுட் பல, முன் கண்ட சண்டையைப் பெரிதாக்கி, ஓசையைப் பெருக்கிக் காட்டுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. ஸாம் ரெய்மி என்னும் அமெரிக்க டைரக்டர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைடர்மேன் 2' இதற்கு விலக்கு என்பது எம் கருத்து. ஆயினும் அதுவும் குற்றமற்றதன்று.

ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ என்னும் இருவர் 1962-இல் சித்திரக்கதைப் பத்திரிகையொன்றிற் படைத்த பாத்திரம் இச்சிலந்தி மனிதன். பீட்டர் பார்க்கர் என்னும் மாணவன் சிலந்தி கடித்து அரிய வலிமை பெற்ற வரலாற்றை 2002-இல் வந்த முதற் படம் கூறிற்று. இரண்டாம் படமோ, அவ்வலிமையால் அவன் இழந்தவை யாவை என்று கணக்கெடுக்கின்றது. பீட்ஸா கொண்டு கொடுக்கும் வேலை போகின்றது; கல்லூரிப் பாடம் பின்தங்குகின்றது; பகைவர்க்கு அஞ்சாதவன் வாடகை கேட்கும் வீட்டுக்காரர்முன் வாயடைத்து நிற்கின்றான். மாட மாளிகைகளைத் தாவும் வீரனை, காசும் நேரமும் போதாத மாணவனாகக் காட்டத் துணிந்ததே இப்படத்தின் தலையாய சிறப்பு. மாணவ நண்பர்கள் இதனை எளிதில் உணர்வர்.

ஓடும் ரயிலைத் தன் வலைகளால் இழுத்து நிறுத்தும் காட்சியை எல்லோரும் புகழ்வர். சிக்காகோ நகரத்து உயர்பாதையிற் படம் பிடித்து அதனை நியூயார்க் என்று காட்டினரேனும் அதனால் குறையொன்றுமில்லை. முகமூடி இழந்து மயங்கி வீழ்ந்தவனைப் பிரயாணிகள் தம் கைகளில் ஏந்துவதும், இவன் வெறும் சிறுவன் அன்றோ என வியப்பதும் நெஞ்சை உருக்குவன. எனினும் எம் மனத்தில் அதனினும் ஆழப் பதிந்தது மேசையருகே நிகழும் ஒரு சிறு காட்சியேயாம். பெரிய தந்தையாரின் மரணத்துக்குத் தானும் ஒருவகையிற் காரணன் என்பதை, தன்னை வளர்த்த பெரிய தாயாரிடம் பீட்டர் கூறிவிடுகின்றான். அம்மையார் திட்டவில்லை; தம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மாடிக்குச் செல்கின்றார். ரோஸ்மேரி ஹாரிஸ் அம்மையின் நடிப்புக்கு இவ்வொன்றே சான்று.

நிற்க. குறைகளுக்கு வருவோம். டாக்டர் ஆக்டேவியஸ் என்னும் விஞ்ஞானியின் முதுகிற் பொருந்திய இயந்திரக் கைகள், அவற்றை அடக்கும் ஒரு சிறு கருவி எரிந்தமையால் அவரையே ஆட்கொள்கின்றன. அங்ஙனமாயின், அவர் செய்த தீமைகட்குப் பொறுப்பாளி யார்? மனிதனோ, கருவியோ? படம் இவ்வினாவைத் தொட்டுவிட்டு விலகுகின்றது. முடிவில் பீட்டரின் சில சொற்களால் அவர் மனந்திரும்புவது நம்பத்தக்கதாயில்லை. ஆல்ஃபிரட் மொலீனாவின் கண்ணியமான நடிப்பே அப்பிழையை மறைக்கின்றது. பீட்டரின் வலிமை குன்றுவதற்கும், காதலி மேரி ஜேன் கடத்தப்பட்டவுடன் அது மீளுவதற்கும் தக்க காரணம் கூறப்படவில்லை. முதற் படத்திற்போலவே அப்பெண் இதிலும் பகைவன் கையிற் சிக்கிக் காத்திருப்பதும் சலிப்பூட்டுகின்றது.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கன. பொறுத்தற்கரியது ஒன்றுண்டு. பிறர் நலத்துக்காக, ஒருவன் தான் மிக விரும்பும் பொருளையும் துறக்க வேண்டும் என்று பெரிய தாயார் வாயிலாகப் படம் அழகுற எடுத்துரைக்கின்றது. நாமும் அதனை நம்பிவிடுகின்றோம். ஆனால் இறுதியில், துறக்கப்பட்ட காதலியே மணக்கோலத்துடன் ஓடிவந்து அவன் வாயிலில் நிற்கின்றாள்! துறவுக்கு விலை எங்கே? தன் வாழ்வைப் பற்றிய முடிவைத் தானே செய்யும் உரிமை தனக்குண்டு என்று அவள் வாதிப்பது நியாயமே. அவன் மீண்டும் புறப்பட்டபின் சாளரத்தருகே அவள் முகத்திற் படரும் கவலையும் டைரக்டர் இதனை அறியாதவரல்லர் என்று காட்டுகின்றது. ஆயினும், கூடியிருந்தோர் நடுவே அவள் எழுதிய கடிதத்தைக் கையிற் பிடித்து நின்ற ஜான் ஜேம்ஸன் என்னும் மணமகனை அதன்பின் படம் திரும்பிப் பார்க்கவேயில்லை.