பூச்சிக்கு எல்லை இல்லை. சேதிக்கு மட்டும் பூட்டா?



2020-ல் கேரளாவில் மரவள்ளியில் ஒரு புது மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்ச காலத்திலேயே சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கொழுந்து சுருண்டது, கணு குறுகியது, குச்சி கோணிப்போனது. இது என்ன பூச்சி என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆளில்லை. மருந்துக்கடை சொன்னதுதான் வேதம் என்று நம்மை விட்டுவிட்டார்கள். கடன்தான் மிச்சம்.

இந்தப் பூச்சி உலகத்துக்குப் புதுசா? இல்லவே இல்லை! தென் அமெரிக்காவில் பிறந்த இது 1970-களிலேயே ஆப்பிரிக்காவில் நுழைந்து, கிழங்கை நம்பி வாழும் ஏழைகளின் சோற்றில் கை வைத்தது. விஞ்ஞானிகள் அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனார்கள். 1981-ல் பராகுவே நாட்டில், அந்தப் பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவி கிடைத்தது. அதை ஆப்பிரிக்காவில் பரப்பினார்கள், பூச்சி அடங்கியது. 2008-ல் தாய்லாந்தில் பூச்சி தென்பட்டது. அடுத்த வருஷமே பெனின் நாட்டிலிருந்து குளவியைக் கொண்டுவந்தார்கள்.

தாய்லாந்தில் தென்பட்டு 12 வருஷம் கழித்துத்தான் பூச்சி நம் நாட்டுக்கு வந்தது. பூச்சியின் பெயர் தெரியும். குளவியும் தெரியும், அது கிடைக்கும் இடமும் தெரியும். இருந்தும் 2021-ல்தான் பெனினிலிருந்து குளவி வந்தது. 2022-ல்தான் நம் காடுகளில் விடப்பட்டது. கொண்டுவந்து வளர்த்துக் கொடுத்த விஞ்ஞானிகளுக்கு நாம் நன்றி சொல்கிறோம். நம் கேள்வி அரசுகளுக்கு: இடையில் போன வெள்ளாமைக்கு யார் பொறுப்பு?

1951-லேயே சர்வதேச பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, இந்தியாவும் இருக்கிறது. ஆபத்தான பூச்சி தென்பட்டால் மற்ற நாடுகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. ஆனால் பூச்சி தென்பட்டால் என்ன நடக்கிறது? 2014-ல் பழ ஈயைக் காட்டி நம் மாம்பழத்துக்கும் நான்கு காய்கறிகளுக்கும் ஐரோப்பிய யூனியன் தடை போட்டது. வாயைத் திறந்தால் ஏற்றுமதி போய்விடும் என்ற பயத்தில், எந்த நாட்டு அரசும் சொல்வதற்கு முன் வியாபாரக் கணக்குத்தான் பார்க்கும். அப்படியே சொன்னாலும் அது அரசிலிருந்து அரசுக்குப் போகும் காகிதம். காட்டில் நிற்கும் நமக்கு அதில் ஒரு வரி கூட வருவதில்லை.

ஏற்றுமதியாளருக்குப் போவது ஒரு கப்பல் லாபம். நமக்குப் போவது ஒரு வருஷச் சோறு! பராகுவே குளவி ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது. ஆப்பிரிக்கா வளர்த்த குளவி நம் காட்டுக்கு வந்தது. பகிர்ந்ததால்தான் பயிர் பிழைத்தது. பூச்சிச் சேதி எந்த அரசுக்கும் சொந்தமான ரகசியம் அல்ல, அது உழுகிறவனின் உரிமை!

நாம் கேட்பது:

1. அண்டை நாடுகளில் புதுப் பூச்சி தென்பட்ட சேதியை, படத்தோடு, தமிழில், ஒவ்வொரு ஊராட்சியிலும் உடனே ஒட்ட வேண்டும்.

2. வரக்கூடிய பூச்சிகளின் எதிரிகளைக் கொண்டுவருவதற்கான அனுமதி வேலைகளை முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டும்.

3. பூச்சியை மறைக்காமல் சொன்ன பகுதி விவசாயிக்கு, தடையால் வரும் நஷ்டத்தை அரசே ஈடுகட்ட வேண்டும்.

வரும் குறைதீர்க்கும் நாளில் பூச்சி தாக்கிய குச்சியோடு கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாரீர்! ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்